மரப்பாதை சரி, விளக்கு?

ஐயா,

கடற்கரையில் மாற்றுத்திறனாளிகளுக்கு மரப்பாதை போடுவதை யார் குறை சொல்வார்கள்? மெரினாவில் 2022 நவம்பரில் திறந்தபோது நானும் மகிழ்ந்தேன். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் கடலோர முனையைப் பெயர்த்துவிட்டது, அது வேறு கதை.

என் கவலை, இத்தகைய ‘சின்ன வேலை’களோடு ஒட்டிக்கொண்டு வரும் வெள்ளை விளக்குகள்தான். சென்னைக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் எனும் கடலாமைகள் முட்டையிடுகின்றன. சுமார் 50 நாளில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பி நகரும். சென்ற ஏப்ரலில் விடியற்காலை நடைப்பயிற்சியின்போது, பெசன்ட் நகரில் ஒரு சோளக்கடை வண்டியின் சக்கரத்தடியில் ஒன்றைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவுகூட இல்லை, துடுப்பெல்லாம் எறும்பு. கடல் அதன் முதுகுப் பக்கம் இருந்தது.

2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஆமை முட்டையிடும் இடங்களை மிகக் கடுமையான பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழல் ஆய்வு என்றால், கடல் ஏறிவரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து இத்தனை மீட்டர் என்று நாடா பிடித்து அளப்பதோடு முடிந்துவிடுகிறது. அதுவும் பகலில்! ஆய்வாளர்கள் மார்ச் மாதத்தில் ஓர் இரவு மணலில் நிற்கட்டும். விளக்கு தேவைதான், அதைத் தாழ்வாக, மஞ்சள் நிறத்தில், கடல் பக்கம் மறைப்பு வைத்துப் போடலாமே. ஆமைப் பருவத்தில் இரவு 11 மணிக்கு மேல் அணைத்தும் விடலாம்.

- ஒரு வாசகர், சென்னை-90