இடது கையால் தூக்கினேன்

அன்புள்ள ராஜி,

சித்திரையில் வந்த உன் கடிதத்துக்கு ஆவணியில் பதில் எழுதுகிறேன். திட்டித் தீர்த்துக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். பெரியவனுக்கு மாற்றல் வந்துவிட்டது.

நேற்று மாவு வாளியை இடது கையால் தூக்கினேன் ராஜி! மார்பு ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷமாக அந்தக் கையைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வைத்திருந்தேன். அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்தாயிற்று, கனம் தூக்கினால் வீங்கும் என்று சொல்லாதவர் இல்லை.

மருமகள்தான் போனில் நடக்கும் ஒரு உடற்பயிற்சி வகுப்பில் சேர்த்துவிட்டாள். செவ்வாய், வெள்ளி காலை ஏழு மணி. பன்னிரண்டு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், எல்லாரும் புற்றுநோயைப் பார்த்தவர்கள். போனை அரிசி டின்மேல் சாய்த்துவைத்து, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். முதல் நாள் நாலாவது தடவையே தொடை நடுங்கியது. இப்போது பன்னிரண்டு! எடைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். 2009-ல் அமெரிக்காவில் கை வீக்கம் உள்ள 141 பெண்களில் பாதிப் பேரை ஒரு வருஷம் எடை தூக்க வைத்துப் பார்த்தார்களாம். கை முழுக்க இறுக்கிப் பிடிக்கும் உறை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியதில் வீக்கம் அதிகமாகவில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண் இதைச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வகுப்பு முடிந்தும் யாரும் போனை வைப்பதில்லை. ஒருத்தி ஒரு மாதமாகக் கேமராவை அணைத்தே வைத்திருந்தாள். ஒரு நாள் வேறொரு அம்மா தலைத்துணியை எடுத்துவிட்டு, "முளைச்சிருக்கு பாருங்க" என்று குனிந்து காட்டினார். அரை அங்குலம், பஞ்சு மாதிரி வெள்ளை. அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தோம். ராத்திரி வியர்த்துக் கொட்டுவது, ஸ்கேனுக்கு முந்தின நாள் வயிற்றைப் பிசைவது, எல்லாம் அங்கேதான் பேசுகிறோம். மகனிடம் சொன்னால் அவன் முகம் வாடிவிடுகிறது.

உனக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஏழு மாதமாகிறது. களைப்பு போகட்டும், அப்புறம் நடக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் களைப்பு படுத்துக் கிடந்தால் போகாதுடி. மெல்ல நடந்தால்தான் குறைகிறது, என் உடம்பில் பார்த்துவிட்டேன். ஓட்டப் பந்தயத்தில் வருஷா வருஷம் என்னை மண்ணைக் கவ்வ வைத்தவள், இப்போது வாசல்வரைகூட வரவில்லை என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வா. லிங்கை உன் பேத்திக்கு அனுப்புகிறேன். கேமராவை அணைத்துக்கொண்டே இரு, நாங்கள் கேட்க மாட்டோம்.

உன்,
சரசு