காலரா வார்டு: மகளுக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை

அன்பு மகளுக்கு,

காலரா கட்டிலில் ஓட்டை எதற்கு என்று போனில் கேட்டாய். தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் வளர்ந்தவள் நீ; இதை முழுசாகவே தெரிந்துகொள்.

நோயாளியின் இடுப்புக்கு நேராக ரெக்ஸினில் ஓட்டை, அதற்கு அடியில் லிட்டர் கோடு போட்ட பக்கெட். எழுந்து போகத் தெம்பில்லாதவர்களுக்கு வசதி என்பது ஒரு பக்கம். முக்கியமானது அளவு. கடுமையான காலராவில் ஐம்பது கிலோ ஆளுக்கு மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை, அரிசி கழுவின தண்ணீர் மாதிரி பேதி போகும். பக்கெட்டைப் பார்க்காமல் டிரிப் ஏற்றுகிறவர்கள் குருட்டாம்போக்கில்தான் வைத்தியம் பார்க்கிறார்கள்.

கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாக இறங்கி, மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் வருகிறவருக்கு கிலோவுக்கு 100 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலை நரம்பில் ஏற்ற வேண்டும். ஐம்பது கிலோவுக்கு 5 லிட்டர், அதாவது பத்து பாட்டில். முதல் மூன்று பாட்டிலும் அரை மணிக்குள் ஏறியாக வேண்டும்; மிச்சம் ஏழும் அடுத்த இரண்டரை மணியில். சின்ன ஊசியில் இந்த வேகம் வராது. பெரிய கேனுலா போடு, போதாவிட்டால் இரண்டு கையிலும் போடு. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அதே 100 மில்லிதான், ஆனால் ஆறு மணி நேரத்தில்.

தவறு நடக்கிற இடம் இதுதான்: நாடி திரும்பியதும் டிரிப்பைக் குறைத்துவிடுவார்கள். உடம்பு இழந்த தண்ணீரில் பாதி இன்னும் ஈடாகாமல் நிற்கும். மறுபடி நாடி விழும், சிறுநீரகமும் கெடும். சிறுநீர் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இரு. வெறும் டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைத் தண்ணீரில் உப்பே இல்லை. சாதா சலைனில் பொட்டாசியமும் இல்லை, ரத்தத்தின் அமிலத்தை மாற்றும் சத்தும் இல்லை. வேறு கிடைக்காதபோது சலைன் உயிரைக் காக்கும், ஆனால் கூடவே ஓஆர்எஸ், அதாவது குடிக்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடு. இமை வீங்கினால் அளவு மிஞ்சுகிறது.

ஒரு காலத்தில் இதற்கு ரத்தம் எடுத்தார்கள், பாதரச மருந்தும் அபினும் கொடுத்தார்கள், தண்ணீரைக்கூட மறுத்தார்கள். 1832-லேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றிக் காட்டியும் அது நிலைக்கவில்லை. எனக்குப் பெரிதாகத் தெரிவது 1971, பங்களாதேஷ் அகதிகள் வந்து குவிந்த, மேற்கு வங்காளத்துப் பன்காவ். சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் லிட்டருக்குக் குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5, சோடா உப்பு 2.5 என்று கலந்து, குழாய் வைத்த டிரம்களில் நிரப்பி, கூட வந்த உறவுக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் சாகிற இடத்தில் 3.6 ஆனது. குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் இழுத்துப் போகிறது, அதன் பின்னால் தண்ணீர் போகிறது. காலரா அந்த வழியை மட்டும் அடைப்பதில்லை.

1992 கடைசியில் நம்ம மெட்ராஸில் காலராக் கிருமியின் ஓ139 என்ற புது வகை தலைகாட்டியது. பழைய காலராவுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. வைத்தியம் மட்டும் மாறவில்லை.

டிரிப் ஓடும்போதே, குடிக்க முடிந்த உடனே ஓஆர்எஸ் தொடங்கு. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் பக்கெட்டில் எவ்வளவோ அவ்வளவு உள்ளே போக வேண்டும். வாந்தி நின்றதும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக், பெரியவர்களுக்கு 300 மில்லிகிராம் ஒரே வேளை. அது பேதியின் அளவையும் நாளையும் குறைக்கும், தண்ணீருக்கு ஈடாகாது. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னால் கேட்காதே. பெரியவர்கள் பசிக்கிறது என்றால் உப்புப் போட்ட கஞ்சி கொடுக்கலாம்.

அன்புடன்,
அம்மா