கறுப்பில் வந்த வெற்றி

அன்புள்ள கண்ணம்மா,

"எதிரே ஆடியவளுக்கு நேரம் பத்தவில்லை, அதனால்தான் ஜெயித்தேன்" என்று போனில் சொன்னாய். நீ அனுப்பிய செஸ் ஆட்டத்தை ராத்திரி போர்டில் வைத்து முழுதாக ஆடிப் பார்த்தேன். நீ சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று போர்டு முடிந்து ஒன்றரைக்கு ஒன்றரை. நாலாவது போர்டில் நீ கறுப்பு. முதல் நகர்வு வெள்ளைக்குத்தான்; அதனால் டீம் ஆட்டத்தில் வெள்ளையில் ஜெயிக்கப் பார், கறுப்பில் டிரா எடுத்துவிடு என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுவார்கள். அவள் டிரா கேட்டபோது நீ கை கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கேப்டனும் உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். ஆனால் நீ ஆடினாய்.

ஏன் ஆடினாய் என்று பலகையைப் பார்த்தால் தெரிகிறது. நீ ஆடிய கேரோ-கான் என்ற தொடக்க முறையில் உன் வெள்ளைக்கட்டப் பிஷப்பை முதலிலேயே வெளியே கொண்டுவந்து அவளுடைய வெள்ளைக்கட்டப் பிஷப்போடு மாற்றிக்கொண்டாய். அவளுக்கு மிஞ்சியது கறுப்புக் கட்டங்களில் மட்டுமே போகும் பிஷப். டி4, இ5 கட்டங்களில் இருந்த அவளுடைய சிப்பாய்களும் கறுப்புக் கட்டத்திலேயே நின்று அதன் வழியை மறித்தன. உன் குதிரை எஃப்5-இல் உட்கார்ந்ததும் அந்தப் பிஷப் டி4-க்குக் காவல் காப்பதைத் தவிர வேறெதற்கும் உதவவில்லை. ராணிகளும் போன பிறகு உன் ராஜா வெள்ளைக் கட்டங்கள் வழியாகவே உள்ளே நடந்துவிட்டது. ஒவ்வொரு நகர்வுக்கும் அவள் யோசித்து யோசித்துத்தான் நேரம் போனது. அந்த நேரத்தைத் தின்றது உன் ஆட்டம்தான், அதிர்ஷ்டம் இல்லை.

1988-இல் கிரீஸின் தெசலோனிகியில் நடந்த செஸ் ஒலிம்பியாட் பற்றிச் சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது எல்லா போர்டிலும் எடுத்த மொத்தப் புள்ளிதான் கணக்கு. ஹங்கேரிப் பெண்கள் 33, சோவியத் 32½. அரைப் புள்ளியில் தங்கம்! 12 வயது ஜூடித் போல்கார் 13 ஆட்டத்தில் 12½ எடுத்தாள். வெள்ளையில் மட்டும் ஜெயித்து அது வராது. 2022-இல் மாமல்லபுரத்தில் போலந்தின் ஒலிவியா கியோவ்பாசா தொடர்ந்து 9 ஆட்டம் ஜெயித்ததும் அப்படித்தான். நம் வைஷாலி அவரிடம் தோற்ற அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்திருக்கிறது.

ஒரு சந்தேகம். 34-ஆவது நகர்வில் எச்5 தள்ளாமல் நேரே ராஜாவை நகர்த்தியிருக்கலாமா? அவள் ஜி4 ஆடிக் குதிரையை விரட்டிவிடுவாள் என்று பயந்தாயா? நான் இன்னும் போர்டைக் கலைக்கவில்லை. அடுத்த சுற்று முடிந்ததும் கூப்பிடு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா