வீட்டுக் கணினிக்கு எந்த இயங்குதளம்? பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கிடைத்துவந்த பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. நீட்டிப்புக்குத் தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் உண்டு. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்று பார்த்தால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறிப்பிட்ட பிராசஸர்களில் ஒன்று இருக்க வேண்டும் என்று பழைய கணினிகளை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கத்தான் வேண்டுமா என்று பெற்றோர் கூட்டத்தில் பலர் கேட்டீர்கள். வீட்டுப்பாடத்துக்காக மட்டும் என்றால் தேவையில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை நிறுவிப் பாருங்கள். ஆனால் அவசரப்பட்டு நிறுவிவிடாதீர்கள். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

லினக்ஸ், 1991-இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. அதன் மூல நிரலை, அதாவது அது எழுதப்பட்டிருக்கும் நிரல் வரிகளை, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது. காசு மிச்சம் என்பதைவிட, "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்கும் குழந்தைக்கு உள்ளே திறந்து பார்க்க அனுமதி இருக்கிறது என்பதே ஓர் ஆசிரியராக எனக்குப் பெரிதாகப் படுகிறது.

லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதன்முறை வருபவர்களுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலப்பக்கம் கடிகாரம் என்று விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. 22 என்ற இப்போதைய வரிசைக்கு 2029 வரை மேம்படுத்தல்கள் உண்டு. 4 ஜிபி அல்லது அதற்கு மேல் நினைவகம் (ரேம்) இருந்தால் மின்ட்டின் சினமன் பதிப்பை எடுங்கள். 2 ஜிபிதான் என்றால் அதைவிட இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அப்போதும் உலாவியில் நிறையப் பக்கங்களைத் திறந்து வைத்தால் திணறத்தான் செய்யும். உபுண்டுவும் நல்ல தேர்வே, அதன் திரை அமைப்பு மட்டும் வேறு மாதிரி இருக்கும். ஜோரினும் விண்டோஸ் சாயலில் இருப்பதுதான்.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் 'காலி' (Kali) என்ற லினக்ஸ் வகைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்யும் வல்லுநர்களுக்கானது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். ஆர்ச், ஜென்டூ போன்றவையும் இப்போது வேண்டாம். ஆர்வம் நிலைத்தால் பின்னால் அவர்களே தேடிப் போவார்கள்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். இந்தக் கடிதத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால் காலியானதாகப் பாருங்கள். மின்ட்டின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுத வேண்டும். கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது. பிறகு கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் போடும்போது எஃப்12 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும். இந்த விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சில நிமிடங்களில் மின்ட்டின் முழுத் திரை வந்துவிடும். நீங்களாக எதையும் மாற்றாதவரை உள்ளே இருக்கும் விண்டோஸும் உங்கள் கோப்புகளும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். பென் டிரைவில் ஓடும்போது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தை எடைபோட வேண்டாம். வைஃபை இணைகிறதா, ஒலி கேட்கிறதா, இணையவழி வகுப்புக்குக் கேமராவும் மைக்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். மடிக்கணினி என்றால் மூடியை மூடித் திறந்து, ஒழுங்காக விழித்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். சில வைஃபை அட்டைகளுக்கு டிரைவர், அதாவது அவற்றை இயக்கும் மென்பொருள், தனியாக வேண்டியிருக்கும், அதை இறக்கவோ இணையம் வேண்டும். அப்போது கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்துகொள்ளலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால், குழந்தையை ஒரு வாரம் அதில் பழகவிட்டு, பிறகு நிறுவுங்கள்.

நிறுவும் முன் குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், வேலைக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளி வட்டில் நகலெடுத்து, அந்த வட்டை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். நிறுவும்போது வட்டை முழுவதும் அழித்து நிறுவவா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா என்று ஒரு திரை கேட்கும். முதலாவதைத் தேர்ந்து மேலே போய்விட்டால் பழையது எதுவும் மிஞ்சாது. அந்தத் திரை வரும்போது பெரியவர் ஒருவர் கண்டிப்பாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

நிறுவிய பிறகு நிர்வாகி கணக்கை நீங்கள் வைத்துக்கொண்டு, பிள்ளைக்குச் சாதாரணப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். மென்பொருள்களை மின்ட்டிலேயே இருக்கும் மென்பொருள் மேலாளரிலிருந்து மட்டும் எடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பும் டக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளும் அங்கேயே கிடைக்கும். எங்கோ பார்த்த கட்டளையைப் பொருள் புரியாமல் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) ஒட்டும் பழக்கம் மட்டும் வேண்டாம். மின்ட்டில் இருக்கும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்கி வையுங்கள், ஏதாவது கெட்டுப்போனால் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அது காப்பது இயங்குதளத்தைத்தான். சொந்தக் கோப்புகளுக்குத் தனி நகல் வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகளிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் கொண்டுவந்து நிறுவ வேண்டும். இல்லையென்றால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் மின்ட்டுடனேயே வருகிறது. வேர்டு கோப்புகளைத் திறக்கும், அந்த வடிவத்தில் சேமிக்கவும் செய்யும். ஆனால் அட்டவணைகளும் பக்க அமைப்பும் சில நேரம் நகர்ந்துவிடும். ஆகவே ஒப்படைப்புகளை இனிப் பிடிஎஃப் ஆக அனுப்பினால் போதும். எங்கள் ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன்.

எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கணினியில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸோ ஃபோட்டோஷாப்போ உங்கள் பிழைப்புக்கே தேவை என்றால், அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. விண்டோஸில் மட்டும் ஓடும் கண்காணிப்பு மென்பொருளைக் கேட்கும் இணையவழித் தேர்வுகளும் இருக்கின்றன. உங்கள் பிள்ளை அப்படி ஒன்று எழுதப் போகிறார் என்றால், அது முடியும்வரை விண்டோஸை அழிக்காதீர்கள்.

மின்ட் எழுதிய பென் டிரைவ்கள் கணினி ஆய்வகத்தில் தயாராக இருக்கின்றன. பள்ளி முடிந்ததும் பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லலாம். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தால் போதும். கைவைக்கத் தயங்குபவர்கள் வார இறுதியில் மடிக்கணினியை அதன் மின்னேற்றியோடு எடுத்து வாருங்கள், கணினி ஆசிரியர் உடனிருந்து ஓட்டிக் காட்டுவார். நிறுவ வேண்டுமானால் கோப்புகளை வீட்டிலேயே நகலெடுத்துவிட்டு வாருங்கள். நகல் எடுக்காத கணினியில் நாங்கள் நிறுவித் தர மாட்டோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்