எந்த அத்தியாயம், எந்த வசனம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஆன்மிக இணைப்பில் பெட்டி கட்டி வெளியிடும் பொன்மொழிகளைப் பற்றி எழுதுகிறேன். கீதை சொல்கிறது, பைபிள் சொல்கிறது, குர்ஆன் சொல்கிறது, புத்தர் சொன்னார் என்று போடுகிறீர்கள். எந்த அத்தியாயம், எந்த வசனம் என்று ஒருநாளும் போட்டதில்லை. இதையெல்லாம் ஒரு குறையாகச் சொல்வதா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இது பெரிய குறையாகத்தான் படுகிறது. கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவள். என் மேசைக்கு வருவதில் பாதிக்கு மேல் சமய நூல்கள்தான். உரைநூல், சொற்பொழிவுத் தொகுப்பு, பிரசங்கக் குறிப்பு, நபிமொழி விளக்கம், தியானப் பயிற்சி என்று எல்லாம் வரும். எழுத்துப்பிழை பார்ப்பதோடு, மேற்கோள் வந்தால் மூலத்தை எடுத்து ஒத்துப் பார்ப்பதும் என் வேலையில் சேர்த்தி. அதனால் கீதை, தமிழ் வேதாகமம், குர்ஆன் தமிழாக்கம், திருமுறை, திவ்வியப் பிரபந்தம், தம்மபதம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நான் சாமி கும்பிடுகிறவள். மற்ற நூல்களை முதலில் வேலைக்காகத்தான் வாங்கினேன், அப்புறம் படிக்கவே பிடித்துப்போயிற்று.

இந்த வேலையில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பிற மதத்தைப் பற்றி ஒரு வரி எழுதும்போது நம் ஆசிரியர்கள் யாரையாவது கேட்டுவிட்டு எழுதுகிறார்கள். தங்கள் மதம் என்று வந்துவிட்டால் யாரையும் கேட்பதில்லை, புத்தகத்தையும் புரட்டுவதில்லை. தெரிந்ததுதானே என்று ஞாபகத்திலிருந்து எழுதிவிடுகிறார்கள். பிழை அங்கேதான் மொய்க்கிறது.

ஒரு சொற்பொழிவுத் தொகுப்பு வந்தது. முதல் பக்கத்தில் பூ வேலைப்பாட்டோடு, "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது" என்று தொடங்கும் வரிகள், கீழே 'பகவத் கீதை' என்று தடித்த எழுத்தில். ஓரத்தில் 'அத்தியாயம், சுலோக எண்?' என்று குறித்து அனுப்பினேன். ஆசிரியர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, இதுக்குப் போய் ஆதாரம் கேக்கறீங்க? குழந்தைக்குக்கூடத் தெரியுமே!" என்றார். "சரி சார், எண்ணை மட்டும் சொல்லுங்க, போட்டுடறேன்" என்றேன். கீதையில் 18 அத்தியாயம், 700 சுலோகம். நல்ல மனிதர், சொன்னதோடு விடாமல் உட்கார்ந்து தேடியிருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கும் என்று நினைத்தாராம். அங்கே இல்லை. பதினெட்டில் இருக்கும் என்று பார்த்தாராம். அங்கேயும் இல்லை. "எத்தனை வருஷமா மேடையில சொல்லிட்டிருக்கேன் தெரியுமா?" என்று அவர் கேட்டபோது குரலில் கோபம் இல்லை. அந்த வரிகளுக்குரிய சுலோகம் கீதையில் எங்கும் கிடையாது. யாரோ எழுதிய நல்ல வாசகம், கீதாசாரம் என்ற பெயரில் பரவிவிட்டது. அதற்குப் பதிலாக 2:47ஐப் போட்டார். கடமையைச் செய்வதில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்று கண்ணன் சொல்லும் சுலோகம். நடந்ததெல்லாம் நல்லதுக்கே என்று தேற்றுவதற்கும் இதற்கும் எத்தனை தூரம்! ஒன்று ஆறுதல், இன்னொன்று போர்க்களத்தில் நிற்பவனுக்கு இடும் கட்டளை. ஆறுதலைக் கீதை என்று நம்பிய ஒருவர், கீதை தன்னிடம் என்ன கேட்கிறது என்பதையே தெரிந்துகொள்ளாமல் போய்விடலாம்.

கிறிஸ்துமஸ் துண்டுப் பிரசுரங்களும் இப்படித்தான். 'மூன்று ராஜாக்கள்' தொழுவத்தில் மண்டியிட்டார்கள் என்று வரும். மத்தேயு இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். வந்தவர்கள் மூன்று பேர் என்று இல்லை. காணிக்கை மூன்று, பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும். அவர்கள் ராஜாக்கள் என்றும் இல்லை. பிள்ளையைப் பார்த்தது ஒரு வீட்டுக்குள். மேய்ப்பர்கள் வந்து பார்த்த முன்னணை, அதாவது மாட்டுத் தீவனத் தொட்டி, லூக்காவில் வருவது.

இன்னொரு நாள் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். குர்ஆன் தமிழாக்கம் ஒன்றின் பக்கங்கள் என்னிடம் இருந்தன. அந்தப் பதிப்புக்குப் பணம் கொடுத்த குடும்பத்துப் பெரியவர், வேலை எப்படி வருகிறது என்று பார்க்க வந்திருந்தார். சின்ன வயதிலிருந்து அரபியில் தவறாமல் ஓதி வருபவர். பொருள் தெரியாது என்று அவரே சொன்னார். மேலே இருந்தது 19ஆம் அத்தியாயம், அதன் பெயரே மர்யம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழ்ப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். பிரசவ வலி தாங்காமல் மர்யம் ஒரு பேரீச்ச மரத்தடிக்கு வருகிறார். இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று புலம்புகிறார். கவலைப்படாதே, உன் காலடியில் ஓடை இருக்கிறது, மரத்தை உலுக்கு, பழம் உதிரும் என்று ஒரு குரல் சொல்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனதும் சுற்றத்தார் பழிக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் பிள்ளையைக் கைகாட்ட, பிள்ளை பேசுகிறது. பெரியவர் படிப்பதை நிறுத்திவிட்டு, "இதை எத்தனையோ தடவை ஓதியிருக்கேம்மா. அந்தத் தாய் இப்படி அழுதாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார்.

பக்கத்தில் எனக்குத் தட்டச்சு செய்து தரும் பெண் உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண். "இது எங்க மாதாவா?" என்று கேட்டாள். குர்ஆனில் மாதா பெயரில் ஓர் அத்தியாயமே இருப்பது அவளுக்குப் புதுச் செய்தி. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் பெண் மர்யம் ஒருவர்தான். 34 இடங்களில் அந்தப் பெயர் வருகிறது. "அப்போ நாம எல்லாம் ஒண்ணுதானே தாத்தா?" என்றாள். அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "இல்லம்மா. இயேசுவை நாங்க ஈசா நபின்னு மதிக்கிறோம். இறைவனோட மகன்னு சொல்ல மாட்டோம். இதே அத்தியாயத்துல கீழே இருக்கும் பாரு." 35ஆம் வசனத்தில் இருந்தது. அவள் அதையும் படித்தாள். அப்புறம் லூக்காவில் மாதா பாடும் பாட்டை, வலியவர்களை அரியணையிலிருந்து இறக்கினார், தாழ்ந்தோரை உயர்த்தினார் என்று வருமே, அதை அவருக்கு ஒப்பித்துக் காட்டினாள். இருவருக்கும் முகத்தில் சந்தோஷம். யாரும் யாரிடமும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லா மதமும் ஒன்றையேதான் சொல்கின்றன என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் இரண்டு நூல்களையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் அப்படிச் சுலபமாகச் சொல்ல மாட்டார். உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டா என்ற கேள்வியிலேயே இஸ்லாமும் பௌத்தமும் பிரிந்து நிற்கின்றன. சமணம் படைப்பாளி ஒருவனை ஏற்பதில்லை. அவர்கள் வணங்கும் மகாவீரர் 24ஆவது தீர்த்தங்கரர், அதாவது வழிகாட்டிய ஞானியர் வரிசையில் கடைசியானவர், அந்தச் சமயத்தைத் தொடங்கியவர் அல்லர். சீக்கியர்கள் குருவாகவே போற்றும் கிரந்தத்தில் கபீரும் சூஃபி ஞானி ஷேக் ஃபரீதும் பாடிய பாடல்கள் இருக்கின்றன. வேறுபாடும் உறவும் இப்படி இடத்துக்கு இடம் மாறி வரும். படித்தால்தான் எது எங்கே என்று தெரியும்.

இந்த அறியாமை எங்கோ சிலருக்கு மட்டும் உள்ளதல்ல. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2010இல் 3,412 பேரிடம் சமயங்களைப் பற்றி 32 எளிய கேள்விகள் கேட்டது. சராசரியாகப் பாதிக்குத்தான் சரியான பதில் வந்தது. கத்தோலிக்கர்களில் 45 சதவீதம் பேருக்கு, அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலாகவும் இரத்தமாகவும் உண்மையாகவே மாறுகின்றன என்பது தங்கள் திருச்சபையின் போதனை என்று தெரியவில்லை. புராட்டஸ்டன்ட்களில் பாதிக்கு மேற்பட்டவர்களால், தங்கள் சபைகள் தோன்றக் காரணமான சமயச் சீர்திருத்தத்துக்கு வித்திட்டவர் மார்ட்டின் லூதர் என்று சொல்ல முடியவில்லை. அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் யார் தெரியுமா? நாத்திகர்களும், கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவர்களும். சராசரி 20.9. யூதர்களும், மார்மன்கள் என்ற அமெரிக்கச் சமயப் பிரிவினரும் அவர்களை ஒட்டி வந்தார்கள். நம்பிக்கை உள்ளவளாக இந்த எண் என்னை வருத்தியது. ஒன்றை விட்டு வெளியேறுகிறவர் ஏன் வெளியேறுகிறோம் என்று யோசித்துப் படித்திருப்பார். உள்ளேயே இருக்கிறவருக்கு அந்தத் தேவை வருவதில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2019இல் அதே மையம் மறுபடி கேட்டது. வேதங்கள் இந்து சமய நூல்கள் என்று 15 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். அதே ஆய்வில் மனத்துக்கு இதமான ஒன்றும் இருந்தது. பிற சமயத்தவர் ஒருவரோடு பழக்கம் உள்ளவர்கள் அந்தச் சமயத்தைப் பற்றிய கேள்விகளுக்குக் கூடுதலாகச் சரியான பதில் சொன்னார்கள். ஒரு சமயத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அந்தச் சமயத்தவரைப் பற்றிப் பொதுவாக நல்லெண்ணமும் கொண்டிருந்தார்கள். என் மேசையில் நடந்ததும் அதுதானே.

பக்திக்குப் படிப்பு எதற்கு, கண்ணப்ப நாயனார் எந்த ஆகமம் படித்தார் என்று சிலர் கேட்பார்கள். என் அம்மாவே கேட்பார். நியாயமான கேள்வி. பெரிய புராணத்தில் சிவகோசரியார் ஆகம முறைப்படி பூசை செய்பவர். திண்ணனார், அதுதான் கண்ணப்பரின் இயற்பெயர், வாயில் நீர் கொண்டுவந்து அபிஷேகம் செய்கிறார், இறைச்சியைப் படைக்கிறார், கடைசியில் கண்ணையே பிடுங்கி அப்புகிறார். இறைவன் யார் அன்பை உயர்த்திக் காட்டினான் என்று நமக்குத் தெரியும். ஒன்றுமே படிக்காமல் கடவுளை நெஞ்சில் வைத்து வாழ்ந்தவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. அவர்களைத் தேர்வு எழுதச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கண்ணப்பர், ஆகமம் இப்படித்தான் சொல்கிறது என்று யாரிடமும் வாதாடவில்லை. அடுத்தவர் வேதத்தில் இன்ன கொடுமை எழுதியிருக்கிறது என்று யாருக்கும் செய்தி அனுப்பவில்லை. தெரியாமல் வணங்குவது ஒரு நிலை. தெரியாமல் 'எங்கள் மதம் இப்படிச் சொல்கிறது', 'அவர்கள் மதம் அப்படிச் சொல்கிறது' என்று எழுதுவதும் அச்சடிப்பதும் பகிர்வதும் வேறு. என் மனக்குறை எல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான்.

தன் வேதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவர், யார் எதை எடுத்துவந்து இதுதான் உன் வேதம் என்றாலும் நம்பிவிடுவார். அதே கையோடு அடுத்தவர் வேதத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்புவார். முன்பின் விட்டு வெட்டிய ஒரு வசனத்தைக் காட்டி ஒரு சமூகத்தையே வெறுக்க வைக்க முடிகிறது என்றால், முழு அத்தியாயத்தையும் எடுத்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லாததால்தான். வெறுப்புச் செய்திகளில் எண் போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறார்கள்.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. உ.வே. சாமிநாதையர் சைவத் திருமடத்தின் நிழலில் படித்து வளர்ந்தவர். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க எடுத்தபோது, எவ்வளவு இலக்கணம் தெரிந்திருந்தும் நூல் பிடிபடவில்லை. அது சமண காவியம். அவர் ஊகித்து எழுதிவிடவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போய், அவர்கள் கொள்கைகளைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 1887இல் நூலை வெளியிட்டார். மணிமேகலைக்காகப் பௌத்தம் கற்றார், 1898இல் அதுவும் வந்தது. இதனால் அவருடைய சைவப் பற்றுக்கு எந்தக் குறைவும் வந்ததாகத் தெரியவில்லை.

என் கோரிக்கைக்கு வருகிறேன். பெட்டியில் போடும் ஒவ்வொரு வாசகத்துக்கும் அத்தியாய எண், வசன எண் போடுங்கள், யாருடைய மொழிபெயர்ப்பு என்பதையும் போடுங்கள். எண் கிடைக்கவில்லையா, வழக்கில் உள்ள வாசகம் என்று போட்டுவிடுங்கள், அதில் ஒன்றும் கௌரவக் குறைவு இல்லை. ஒரு சமயத்தின் பண்டிகையைப் பற்றிச் சிறப்புப் பக்கம் போடும்போது, அச்சுக்குப் போகுமுன் அந்தச் சமயத்தவர் ஒருவரிடம் பக்கத்தைக் காட்டுங்கள். முடிந்தால் வாரம் ஒரு முறையாவது ஒற்றை வரிக்குப் பதில் ஒரு பகுதியை முழுசாகப் போடுங்கள். யோபுவின் புலம்பலில் ஓர் அதிகாரம், பௌத்த நூலான தம்மபதத்தில் ஓர் அத்தியாயம், நம்மாழ்வாரின் ஒரு பதிகம், குர்ஆனில் யூசுஃபின் கதை. உரை கூட வேண்டாம், படிக்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.

ஒரு பெட்டியைச் சரிபார்க்கப் பத்து நிமிஷம் போதும். ஆள் இல்லை, நேரம் இல்லை என்பீர்களானால் இணைப்பின் பக்கங்களை எனக்கு அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மெய்ப்புத் திருத்துபவர்