செலவைப் பார், வரவை மட்டும் பார்க்காதே

அன்புள்ள சேகர்,

இங்கு அனைவரும் நலம். உன் வி.ஓ.2 மேக்ஸ், அதாவது உச்ச உழைப்பில் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, ஏறாமல் நிற்கிறது என்றும், இனி மாரத்தானில் நேரத்தைக் குறைப்பது நடவாத காரியம் என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. ரவி அண்ணனிடம் சொன்னேன். "அவன் பிடிவாதம் எங்கே போயிற்று?" என்றுதான் முதலில் கேட்டார்.

உடலால் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியும் என்பதை மட்டுமே நீ பார்க்கிறாய். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓட அது எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்பதே ஓட்டச் சிக்கனம். எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் மைலேஜ் இல்லாத வண்டி பாதி வழியிலேயே நின்றுவிடும். 1980இல் கான்லியும் கிராஹன்பூலும், ஏறக்குறைய ஒரே வி.ஓ.2 மேக்ஸ் கொண்ட 12 தேர்ந்த ஓட்டக்காரர்களை ஆராய்ந்தார்கள். 10 கிலோமீட்டர் பந்தய நேரத்தில் அவர்களிடையே இருந்த வேறுபாட்டில் 65 விழுக்காடு சிக்கனத்தோடு தொடர்புடையதாக இருந்தது.

பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபை நினைத்துப் பார். பதினெட்டு வயதிலேயே அவருடைய வி.ஓ.2 மேக்ஸ், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 70 மில்லிலிட்டரை ஒட்டி இருந்தது. 2003இல் லண்டனில் 2:15:25 என்று உலக சாதனை படைத்தபோதும் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அந்த ஆண்டுகளில் அவருடைய ஓட்டச் சிக்கனம் சுமார் 15 விழுக்காடு மேம்பட்டிருந்தது. இதைப் படித்த பிறகும் நீ ஓட்டத்தை விட்டுவிடப் போவதாகச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ரவி அண்ணன் வழக்கம்போல் காலணியை மாற்றச் சொல்வார். அதில் உண்மை இருக்கிறது, ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரு விழுக்காடு கூடுகிறது. ஆயினும் நான் உன்னிடம் வற்புறுத்துவது எடைப் பயிற்சியையும் துள்ளல் பயிற்சியையும்தான். இவற்றால் குதிகால் தசைநார் விறைப்பேறினால், தரையில் பாதம் படும்போது சேமித்த ஆற்றலை அது அடுத்த அடிக்குத் திருப்பித் தருகிறது. தசை அந்த அளவுக்குக் குறைவாக உழைத்தால் போதும். அடியின் நீளத்தை மட்டும் வலிந்து மாற்றாதே. அனுபவமுள்ளவர்களுக்கு இயல்பாக அமைந்த அடியே பெரும்பாலும் செலவு குறைந்தது. கடைசிக் கிலோமீட்டர்களில் உன் தோள்கள் காதுவரை ஏறிவிடுவதையும், கைக் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டியை இறுக்கிக்கொள்வதையும் பின்னால் ஓடி வரும்போது பார்த்திருக்கிறேன். அவற்றைத் தளர விடு.

அடுத்த பரிசோதனையில் உச்ச அளவோடு நிறுத்தாமல், நீ மாரத்தான் ஓடும் வேகத்தில் கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்றும் கேட்டுக் குறித்து வந்து எனக்கு எழுது. சில மாதப் பயிற்சிக்குப் பின் அதே வேகத்தில் மீண்டும் அளந்து ஒப்பிடுவோம்.

அன்புடன்,
குமரன்