எம்.எஸ்சி. சேர்க்கை: மே மாதம் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் தமிழ் நாளிதழ்கள் மேற்படிப்பு வழிகாட்டிப் பக்கங்களை வெளியிடுகின்றன. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அவை உற்ற நேரத்தில் கைக்குக் கிடைக்கின்றன. ஆனால், அதே பக்கங்களின் ஓரத்தில், பி.எஸ்சி. முடித்தவர்கள் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ‘ஜாம்’ தேர்வு எழுதலாம் என்று அச்சாகும் இரண்டு வரிகளால் அந்த ஆண்டு பட்டம் பெறுகிற எந்த மாணவருக்கும் பயனில்லை. அவர் அதைப் படிக்கும்போது அந்தத் தேர்வு பிப்ரவரியிலேயே நடந்து முடிந்திருக்கும். அதற்கான விண்ணப்பமோ முந்தைய அக்டோபரோடு முடிந்திருக்கும். இந்தக் காலக்கணக்கு நம் கல்லூரி வகுப்பறைகளை எட்டாமலே இருப்பதைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், மே மாதக் கடைசியில், நான் பணியாற்றிய கல்லூரியின் மாணவி ஒருவர் வீடு தேடி வந்தார். தாயார் பீடி சுற்றுபவர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவர்தான். ஐந்து பருவங்களின் (செமஸ்டர்) மதிப்பெண் பட்டியல்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். “சார், ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி.க்கு எப்ப சார் ஃபாரம் கொடுப்பாங்க?” என்று கேட்டார். எட்டு மாதங்களுக்கு முன்பே கொடுத்து முடித்துவிட்டார்கள் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அந்த ஆண்டு அவர் பி.எட். சேர்ந்தார். பி.எட். படிப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால், அவர் கேட்டு வந்த படிப்பு அது அல்ல.

இதில் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணியில் இருந்த காலத்தில் கேட்டு வந்த மாணவர்களுக்கு நான் வழி சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்கு வகுப்பில் நின்று சொன்னதில்லை. கேட்டு வந்தவர்களை இப்போது நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் வீட்டில் அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே படித்தவர்கள், அல்லது ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதற்கே முன்னால் ஒருவர் நடந்து போயிருக்க வேண்டியிருக்கிறது.

ஐ.ஐ.டி.கள் சுழற்சி முறையில் நடத்தும் ஜாம் தேர்வுக்கு விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்குகிறது. அப்போது மூன்றாம் ஆண்டு மாணவர் ஐந்தாம் பருவத்தின் நடுவில் இருப்பார். மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் நுழைவுத்தேர்வுக்கும் ஏறத்தாழ அதே காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வு டிசம்பரில் நடக்கிறது. சென்னை தரமணியில் 1962 முதல் இயங்கிவரும் கணித அறிவியல் நிறுவனம் இயற்பியல் சேர்க்கைக்குக் கணக்கில் கொள்ளும் ‘ஜெஸ்ட்’ நுழைவுத்தேர்வு அதற்குச் சற்றுப் பின்னர் வரும். திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சேர 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வாகிய முதுநிலை ‘கியூட்’ எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பமும் ஆறாம் பருவத் தேர்வுக்கு வெகு முன்னரே முடிந்துவிடும். நம் மாணவர்கள் மே மாதம் விழித்துக்கொண்டாலும் எஞ்சியிருப்பவை மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளும் அரசு, உதவி பெறும் கல்லூரிகளும் மட்டுமே. அவற்றைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இராமானுஜன் உயர்கணித நிறுவனமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலமும் உருவாக்கிய அறிவியலாளர்களை நாடறியும். அவற்றையும் மற்றவற்றையும் எதிரெதிரே வைத்துப் பார்த்து, தானே முடிவு செய்யும் உரிமை மாணவருக்கு இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஜாம் தேர்வெழுதித் தரவரிசையில் இடம்பெற்றுவிட்டால் போதும், இடம் தானாக வந்து சேரும் என்று நினைப்பது அடுத்த இடறல். தேர்வு முடிவு வந்த பிறகு, எந்த ஐ.ஐ.டி.யில் எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசைப்படுத்தி, சேர்க்கைக்கு மற்றொரு முறை இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டணமும் கட்ட வேண்டும். அதே மதிப்பெண்ணைக் கொண்டு தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் (என்.ஐ.டி.) சேர விரும்பினால் ‘சி.சி.எம்.என்.’ எனப்படும் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி. (முதுநிலையும் ஆய்வும் சேர்ந்த) படிப்புக்கு அந்த நிறுவனத்திடம் வேறொரு விண்ணப்பம். கியூட் எழுதியவர்களும் தாங்கள் விரும்பும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். நல்ல தரவரிசை பெற்ற மாணவர் ஒருவர், கடிதம் வீட்டுக்கு வரும் என்று ஏப்ரல் முழுவதும் தபால்காரரை எதிர்பார்த்திருந்ததை நான் அறிவேன்.

தேர்வைக் கண்டு அஞ்சுவதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஜாம் இயற்பியல் பாடத்திட்டத்தில் இயந்திரவியல், ஒளியியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திண்மநிலை இயற்பியல் என்று இருப்பவற்றில் பெரும்பகுதியை நம் பி.எஸ்சி. மாணவர் ஏற்கெனவே படித்திருப்பார். மாறுவது கேள்வியின் குணம். நம் பருவத் தேர்வில் ஒரு தேற்றத்தைத் தருவித்து எழுதினால் பத்து மதிப்பெண். ஜாம் தேர்விலோ அந்தத் தேற்றம் கையில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, ஒரு புதிய சூழலில் அதைப் பொருத்தி ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். மூன்று மணி நேரத்தில் 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள். முதல் பகுதியில் ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகளுக்கு மட்டுமே தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகளைக் கொண்ட 10 கேள்விகளிலும், விடையை எண்ணாகவே தர வேண்டிய 20 கேள்விகளிலும் கழிவு கிடையாது. இது தெரியாமல், தவறானால் மதிப்பெண் போய்விடுமோ என்று கழிவே இல்லாத இந்தக் கடைசி 30 கேள்விகளில் பாதியை வெற்றாக விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பயிற்சி வகுப்பில் ஒரு வினாத்தாளைக் கரும்பலகையில் போட்டுக் காட்ட எந்தத் துறைக்கும் தனி நிதி தேவையில்லை.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஜாம் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வருகிறது. முதுநிலை கியூட் அறிவியல் தாள்களுக்கு ஆங்கிலத்தோடு இந்தியும் உண்டு. அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழியில் இயற்பியலும் வேதியியலும் படித்தவருக்கு இந்த இரண்டுமே அன்னியம்தான். இந்தி பேசும் மாணவருக்குக் கிடைக்கும் வசதி தமிழ் பேசும் மாணவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்ற கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் எழுப்பட்டும். அதுவரை, தமிழ் வழி மாணவருக்கு ஆங்கிலக் கலைச்சொற்களைக் கடைசி ஆண்டில் அல்ல, முதலாண்டிலிருந்தே இணையாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

சான்றிதழ் விஷயத்தில் நேரும் இழப்பு இவை எல்லாவற்றையும்விட வேதனையானது. மாநில அரசு தரும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மத்தியக் கல்வி நிறுவனங்களில் செல்லாது. அங்கே 27 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பெற, மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்று வட்டாட்சியர் வழங்கும் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில் பெற்றதாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். எட்டு லட்ச ரூபாய் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பொதுவாகச் சம்பளமும் வேளாண் வருமானமும் சேர்க்கப்படுவதில்லை என்பது பெற்றோருக்குத் தெரியாது. நமக்குக் கிடைக்காது என்று தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு மாணவர், பள்ளியில் வாங்கிய பச்சை நிறச் சாதிச் சான்றிதழையே பதிவேற்றிவிட்டு, பொதுப்பிரிவுக்கு மாற்றப்பட்டு, சில இடங்கள் வித்தியாசத்தில் சேர்க்கையை இழந்தார். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் சில வாரங்களில் கிடைத்திருக்கக்கூடிய ஒரு தாள் அது.

கட்டணம் பெருந்தடை அல்ல. ஜாம் தேர்வில் பெண்களுக்கும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும் பாதிக் கட்டணம்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் மாணவிக்கு ஏறத்தாழ ஒரு மாதத் தொகையிலேயே அது அடங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கூடிக்கொண்டே போகிறது. அதற்கு முன்னாள் மாணவர் சங்கங்கள் உதவலாம்; ஆண்டு விழா மேடைக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கு போதும்.

தேர்ச்சிச் சான்று தொடர்பாகப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐ.ஐ.டி.கள் இறுதியாண்டு மாணவர்களைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, பட்டம் பெற்றதற்கான சான்றைத் தரச் சில மாதங்கள் அவகாசமும் அளிக்கின்றன. எல்லா நிறுவனங்களும் அவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. ஜூலை இறுதியில் வகுப்பு தொடங்கும் இடங்களுக்கு, ஆறாம் பருவ முடிவு ஜூலை நடுவில் வந்து, மதிப்பெண் பட்டியல் அதற்குப் பின் ஒரு மாதம் கழித்து வந்தால் மாணவர் எதைக் கொண்டுபோய்க் காட்டுவார்? ஒரே ஓர் அரியர் தாளின் மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் கையில் இருந்த இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வெளிமாநில நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்காவது தற்காலிகச் சான்றிதழை முன்னுரிமை கொடுத்து வழங்க ஒரு சாளரம் திறக்கலாம்.

பரிந்துரைக் கடிதம் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஜாம் தேர்வுக்கு அது தேவையில்லை. ஆனால், இந்தியாவின் அறிவியல் கழகங்கள் (அகாடமிகள்) மூன்றும் சேர்ந்து வழங்கும் கோடைக்கால ஆய்வு நல்கைக்கும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் தேவை. “நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்” என்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். அப்படி எழுதப்படும் கடிதங்கள் எல்லாம் ‘கடின உழைப்பாளி, நல்லொழுக்கம் உடையவர்’ என்று ஒரே அச்சில் இருக்கும். அந்த மாணவர் ஆய்வகத்தில் நிறமாலைமானியை எவ்வளவு நேரம் பொறுமையாகச் சரிசெய்தார், வகுப்பில் என்ன கேள்வி கேட்டார் என்பதை அவருடைய ஆசிரியரால் மட்டுமே எழுத முடியும். தேர்வுக் குழுவினர் தேடுவதும் அதைத்தான்.

கல்லூரிக் கல்வி இயக்ககம் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, ஒவ்வோர் அறிவியல் துறையிலும் ஓர் ஆசிரியரை இப்பணிக்குப் பொறுப்பாக்கி, ஆகஸ்ட் மாதத்திலேயே மூன்றாமாண்டு மாணவர்களுக்கு ஒரு மணி நேரக் கூட்டம் நடத்தச் செய்ய வேண்டும். அதே வாரத்தில் வருவாய்த்துறையின் துணையோடு கல்லூரி வளாகத்தில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பம் பெற்றால் மாணவர்கள் பேருந்துக் கட்டணம் கொடுத்து அலைய வேண்டியிருக்காது. தங்கள் நாளிதழும், மே மாதத்தில் வெளியிடும் அந்த இரண்டு வரிகளை ஆகஸ்ட் இறுதிக்கு மாற்றி, தேர்வுகளின் பெயர், விண்ணப்பிக்கக் கடைசி நாள், தேவையான சான்றிதழ்கள் ஆகியவற்றோடு கால் பக்கமாக வெளியிட வேண்டுகிறேன். சுற்றறிக்கை வரத் தாமதமானாலும், துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைக்க அந்தத் தாளாவது கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர்,
தென்மாவட்டத்திலிருந்து